‘கேஸ் இறங்கிருச்சு’ என்பதற்கு முன்னால்

கார் ஏசியில் சூடான காற்று வருகிறது என்று பட்டறையில் சொன்னால், பானட்டைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடும்: “கேஸ் இறங்கிருச்சு, அடிச்சிரலாம்.” தாண்டிக்குடி மாதிரி மலையூர்களில் இதோடு வேறு சில நம்பிக்கைகளும் சேர்ந்துகொள்கின்றன. சிலவற்றில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல்.

“வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் அடிக்கணும்.”

அடிக்க வேண்டியதில்லை. பெட்ரோல்போல் எரிந்து தீரும் பொருளல்ல அது. மூடிய குழாய்களுக்குள் ஆவியாகியும் திரவமாகியும் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் குழாய் வழியாகவும் கம்ப்ரஸர் ஸீல் வழியாகவும் கொஞ்சம் கசிவது இயல்பு. ஆனால் ஒரே வருஷத்தில் குளிர் போய்விட்டதென்றால் எங்கோ ஓட்டை. கேஸோடு எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், கசியும் இணைப்பில் பிசுக்குப் படிந்து தூசி ஒட்டியிருக்கும். கண்ணுக்குப் படாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். ஓட்டையை விட்டுவிட்டு நிரப்பினால் காசும் கேஸும் காற்றோடு போகும். பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ, கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். காபி பூக்கும் நேரத்தில் மழை தவறினால் தவித்துப்போகும் ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேஸ் குறையாமலும் சூடான காற்று வரும். ஏசியைப் போட்டதும் கம்ப்ரஸரின் முன்தட்டு ‘டக்’ என்று ஒட்டிச் சுழல்கிறதா? (கிளட்ச் இல்லாத புது வகைக் கம்ப்ரஸருக்கு இது பொருந்தாது.) சுழலாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, வயர் இவற்றைப் பாருங்கள். நாள்கணக்கில் நிறுத்திய காரில் எலி வயரைக் கடித்திருந்தால் ஆச்சரியமில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கன்டென்சரில் எஸ்டேட் பாதைச் சேறு அப்பியிருந்தாலும் குளிர் வராது. ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுட்டால், டேஷ்போர்டுக்குள் சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவு சிக்கியிருக்க வாய்ப்புண்டு.

“மலையேறினால் காற்றழுத்தம் குறையும், அதனால்தான் ஏசி குளிர்வதில்லை.”

ஏறும்போது குளிர் குறைவது உண்மை. காரணம் அழுத்தமல்ல, குழாய்கள் மூடியவை, வெளிக்காற்று உள்ளே இருக்கும் கேஸை ஒன்றும் செய்யாது. பட்டிவீரன்பட்டி தாண்டி, பெரும்பாறை, தடியன்குடிசை என்று வளைவுகளில் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது கன்டென்சருக்கு எதிர்காற்று கிடைப்பதில்லை, மின்விசிறிதான் கதி. அது பழுதாகியிருந்தால் சமதளத்தில் ஓடும்போது குளிரும். நின்றாலோ ஊர்ந்தாலோ சுடும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போதும் எஞ்சின் அதிகமாகச் சூடேறும்போதும் பல கார்கள் தாமாகவே கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அது பழுதே இல்லை.

“மீட்டரில் அழுத்தம் சரியாக இருந்தால் கேஸ் சரி.”

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான். எஞ்சின் நின்றிருக்கும்போது மீட்டர் காட்டுவது கேஸின் அளவை அல்ல, வெப்பநிலையை. உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருக்கும்வரை ஆர்-134ஏ 18 டிகிரியில் 60 பிஎஸ்ஐ-யை ஒட்டிக் காட்டும், 38 டிகிரியில் 125-ஐ ஒட்டிக் காட்டும். கேஸ் பாதியாக இருந்தாலும் அப்படித்தான். ஓடும்போதுகூட, குளிரான மலைக்காலையில் இரண்டு மீட்டரும் சமவெளியைவிடக் குறைவாகவே நிற்கும். அதைப் பார்த்து, சமவெளிக் கணக்குக்கு வரும்வரை அடித்துக்கொண்டே போனால் அளவு மீறிவிடும். சித்திரை வெயிலில் மதுரைக்கு இறங்கியதும் அழுத்தம் எகிறும், பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்தும், மறுபடி சூடான காற்று. ‘நேற்றுதானே கேஸ் அடித்தோம்’ என்ற புலம்பல் இப்படியும் பிறப்பதுண்டு. எத்தனை கிராம் என்பது பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்தான். முழுவதும் வெளியே எடுத்து, வாக்யூம் போட்டு, எடைபார்த்து நிரப்புவதே முறை. நாலாயிரம் அடிக்கு மேலே வாக்யூம் மீட்டர் 26 அங்குலத்தைத் தாண்டாது. 29 வரவில்லையே என்று பம்பைக் குறைசொல்ல வேண்டாம்.

“மலையில் ஏசி எதற்கு?”

ஏசி காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். பனிமூட்டத்தில் கண்ணாடி உட்புறம் மங்கினால் ஏசியைப் போட்டு, சூட்டுப் பக்கம் குமிழைத் திருப்புங்கள், சீக்கிரம் தெளியும். மாதக்கணக்கில் ஓடாத கம்ப்ரஸரில் ஸீல் காய்ந்து கசியத் தொடங்கும். வாரம் பத்து நிமிஷம் ஓட்டினால் எண்ணெய் எட்டிவிடும்.

செலவு குறையுமென்று சமையல் கேஸ் வகையை ஏற்றிவிடுபவர்களும் உண்டு. குளிரும்தான். ஆனால் அது தீப்பற்றும் வாயு. கூலிங் காயில் கசிந்தால் நேரே நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வரும். யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குளிர் வரவில்லை என்ற சந்தேகம் வந்தால் வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ உச்சிவெயில் நேரத்தில் காட்டுங்கள்; மலைக்காலையில் சோதித்தால் தெளிவாகத் தெரியாது. பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஓட்டை எங்கே இருந்தது, எத்தனை கிராம் ஏற்றினீர்கள்? இரண்டையும் ரசீதில் எழுதித் தராத பட்டறைக்கு அடுத்த முறை போக வேண்டாம்.