ஆக்ஸில் ஹவுசிங்கில் விரிசலா?

பின் ஆக்ஸிலில் எண்ணெய் கசிகிறதே என்று உடனே வெல்டிங் ராடை எடுக்காதீர்கள். இருபுறக் குழாய்கள் ஸ்டீல். நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் ஹவுசிங் பல வண்டிகளில் வார்ப்பிரும்பு. ஓரத்தில் கிரைண்டரை லேசாகத் தொட்டுப் பாருங்கள். வெளிர்மஞ்சள் பொறி நீளமாகப் பறந்தால் ஸ்டீல். மங்கலான சிவப்பில் குட்டையாக உதிர்ந்தால் வார்ப்பிரும்பு. அதற்குச் சாதாரண ராடு ஆகாது, வெல்டிங் ஓரமே மறுபடி பிளக்கும். நிக்கல் ராடுதான் சரி.

எண்ணெயை வடித்து, பிசுக்கைச் சுத்தமாகத் துடையுங்கள். விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட்டால் அது மேலும் ஓடாது. ஒரே மூச்சில் இழுக்காமல், ஓர் அங்குலம் வைத்து, சூட்டோடு சுத்தியலால் மெல்லத் தட்டி, ஆறவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. பேரிங் உட்காரும் இடத்தில் விரிசல் என்றால் வெல்டிங் வேண்டாம், ஹவுசிங்கையே மாற்றிவிடுங்கள்.