கைபேசி விளையாட்டும் நன்னூல் காட்டும் மதிப்பீட்டு நெறியும்

முன்னுரை

தமிழிலக்கணம் நூல்களை மதிப்பிடுவதற்குத் தெளிவான அளவுகோல்களை வகுத்துத் தந்துள்ளது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, ஒரு நூலில் இருத்தலாகாத பத்துக் குற்றங்களையும், இருக்க வேண்டிய பத்து அழகுகளையும் வரிசைப்படுத்திக் கூறுகின்றது. இப்பகுதியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகின்றோம். மாணவர்களும் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் பெறுகின்றனர். ஆயினும் அவ்வளவுகோல்களைக் கையில் எடுத்து ஒரு பொருளை அளந்து பார்க்கும் வாய்ப்பு வகுப்பறையில் அரிதாகவே அமைகின்றது.

அத்தகைய வாய்ப்பொன்று எதிர்பாராத வகையில் நமக்கு வாய்த்தது. சென்ற கல்வியாண்டில் ஒருநாள் இப்பாயிரப் பகுதியையே நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் ஒரு மாணவர் மேசைக்கடியில் கைபேசியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். அதனை வாங்கி வைத்துக்கொண்டு, "பயனற்ற ஒன்றில் பொழுதைப் போக்குகின்றாயே, தம்பி" என்று கடிந்துகொண்டோம். வகுப்பு முடிந்தபின் கைபேசியைப் பெற்றுக்கொள்ள வந்த அவர், "வகுப்பில் விளையாடியது என் தவறுதான், ஐயா. ஆனால் தாங்கள் இதனை ஆடிப் பார்த்திருக்கின்றீர்களா?" என்று பணிவோடு வினவினார். நாம் ஆடிப் பார்த்ததில்லை. நூலைப் படியாமலே மதிப்புரை எழுதும் ஒருவரை நாம் எவ்வாறு கருதுவோமோ, அந்த இடத்தில் அன்று நாமே நின்றோம்.

அவர் ஆடியது 'சூப்பர் மரியோ ரன்' என்னும் விளையாட்டு. அதனை நம் கைபேசியில் இறக்கி, உரிய விலையையும் செலுத்தி, மூன்று வாரங்கள் இரவு உணவுக்குப்பின் அரைமணி நேரம் என்னும் கணக்கில் ஆடி முடித்தோம். நூலுக்குரிய அளவுகோல் விளையாட்டுக்குப் பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். ஒருவர் திட்டமிட்டு ஆக்க, மற்றொருவர் பொழுதைச் செலவிட்டுத் துய்க்கும் எதற்கும் இவ்வளவுகோல் ஓரளவேனும் பொருந்தும் என்பது நம் கருத்து. அவ்விளையாட்டின் நிறைகுறைகளை இந்நெறியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டின் வரலாறும் அமைப்பும்

மரியோ என்னும் மீசைக்காரத் தொழிலாளியைப் படைத்தவர் ஜப்பானிய நாட்டு நிண்டெண்டோ நிறுவனத்தைச் சேர்ந்த ஷிகெரு மியாமோட்டோ ஆவார். 1981 ஆம் ஆண்டில் வெளியான 'டாங்கி காங்' என்னும் விளையாட்டில் இப்பாத்திரம் முதன்முதலில் தோன்றியது. 1985 ஆம் ஆண்டில் மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் சேர்ந்து உருவாக்கிய 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' உலகப்புகழ் பெற்றது. ஓடுதல், பள்ளம் தாவுதல், தளத்திலிருந்து தளத்திற்குக் குதித்தல், பகைவரை மிதித்து வீழ்த்துதல் என்பனவே அதன் செயல்கள். இவ்வகை விளையாட்டுகளைத் தளம்தாவும் விளையாட்டுகள் எனலாம்.

நெடுங்காலம் தம் சொந்தக் கருவிகளுக்கு மட்டுமே மரியோ விளையாட்டுகளை ஆக்கிவந்த அந்நிறுவனம், 2016 ஆம் ஆண்டு டிசம்பர் 15 ஆம் நாள் ஐஃபோனுக்கும், 2017 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் 'சூப்பர் மரியோ ரன்' விளையாட்டை வெளியிட்டது. இதில் ஆறு உலகங்கள் உண்டு. உலகத்திற்கு நான்காக மொத்தம் 24 கட்டங்கள். மரியோ தானாகவே வலப்புறம் நோக்கி ஓடுவான். ஆடுவோர் செய்ய வேண்டுவது திரையை விரலால் தொடுதல் ஒன்றே. தொட்டால் அவன் குதிப்பான். கொடிமரத்தை அடைந்தால் கட்டம் முடியும்.

நிறைகள்

முதலாவதாகக் குறிக்கத்தக்கது சுருங்கச் சொல்லல் என்னும் அழகாகும். 1985 ஆம் ஆண்டு விளையாட்டில் நாற்றிசைப் பொத்தானும் வேறிரு பொத்தான்களும் தேவைப்பட்டன. இங்கு ஒரு விரலே போதும். 2016 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் நிறுவன மேடையில் இவ்விளையாட்டை அறிமுகம் செய்த மியாமோட்டோ, சுரங்க இரயிலில் கைப்பிடியைப் பற்றி நின்றவாறும், தின்பண்டம் உண்டவாறும் இதனை ஆடலாம் என்று விளக்கினார். சுருக்கம் இங்கே ஒரு நோக்கத்தோடு அமைந்திருக்கின்றது.

சுருக்கம் வறுமையாகிவிடாமல் காப்பது ஆழமுடைத்தாதல் என்னும் அழகு. மெல்லத் தொட்டால் சிறு குதிப்பு. அழுத்திப் பிடித்தால் உயர்ந்த குதிப்பு. வானில் இருக்கும்போது மீண்டும் தொட்டால் ஒரு சுழற்சி. சுவரில் சறுக்கும்போது தொட்டால் எதிர்த்திசையில் ஒரு பாய்ச்சல். சிறு பகைவரை மரியோ தானாகவே தாண்டிச் செல்வான். ஆனால் தாண்டும் அக்கணத்தில் சரியாகத் தொட்டால் அதுவே ஒரு தாக்குதலாகின்றது. தொடுகை ஒன்றே, அது நிகழும் இடமும் காலமும் அதற்குப் பொருள் தருகின்றன. ஒரே சொல் இடம்நோக்கிப் பொருள் வேறுபடுவதைக் கற்பிக்கும் நமக்கு இது புதிதன்று.

மூன்றாவது, எளிதிலிருந்து அரிதிற்கு அழைத்துச் செல்லும் முறையின் வைப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து இளஞ்சிவப்பு நாணயங்கள் உள்ளன. அவ்வைந்தையும் ஒரே ஓட்டத்தில் எடுத்தால் ஐந்து ஊதா நாணயங்கள் வேறு இடங்களில் தோன்றும். அவற்றையும் எடுத்தால் ஐந்து கறுப்பு நாணயங்கள் தோன்றும். ஆக 24 கட்டங்களில் 360 நாணயங்கள். முதல்முறை ஓடும்போது கண்ணில் படாத மேல்தளமும் சுவரிடுக்கும் மூன்றாம் முறையில் முதன்மை பெறுகின்றன. முதற்கட்டத்தின் ஊதா நாணயங்களை எடுக்க நமக்குப் பதினொரு முயற்சிகள் தேவைப்பட்டன. ஒரு செய்யுளை முதலில் ஓசைக்காகவும், பின்னர்ப் பொருளுக்காகவும், அதன்பின் உள்ளுறைக்காகவும் பயில்வதை இவ்வமைப்பு நினைவூட்டியது.

நான்காவது, விளங்க வைத்தல். நீண்ட விளக்கவுரை ஏதுமின்றி, பொருள்கள் வைக்கப்பட்டுள்ள இடமே ஆடுவோருக்கு ஆசிரியராகின்றது. வானில் வளைவாக நிற்கும் நாணய வரிசை, எங்கே குதித்து எங்கே இறங்க வேண்டும் என்பதைக் காட்டிவிடுகின்றது. மேலே நிற்கும்போது மரியோவையும் கடிகாரத்தையும் ஒருசேர நிறுத்தும் கட்டைகள், அடுத்துவரும் இடரை நோக்கிச் சிந்திக்க அவகாசம் தருகின்றன. பள்ளத்தில் விழுந்தவரையும் உடனே தோற்கடிக்காமல், ஒரு குமிழிக்குள் ஏற்றிப் பின்னோக்கி மிதக்கச் செய்து மறுவாய்ப்பளிக்கின்றது. கற்பிப்போர் நெஞ்சில் கொள்ளத்தக்க அமைப்பு இது.

குறைகள்

நிறைகளை மட்டும் கூறி நிறுத்துவது ஆய்வாகாது. இவ்விளையாட்டில் காணும் முதற்குற்றம் மாறுகொளக் கூறல். சுரங்க இரயிலிலும் ஒரு கையால் ஆடலாம் என்று அறிவிக்கப்பட்ட விளையாட்டு, இணையத் தொடர்பு இல்லாமல் இயங்காத வகையில் வெளியாயிற்று. சுரங்கத்திற்குள் தொடர்பு அறுந்தால் விளையாட்டும் நின்றுவிடும். திருட்டுப் படிகளைத் தடுக்கும் பாதுகாப்பே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. விலை கொடுத்து வாங்கியவரையே இத்தடை வருத்துகின்றது. தொடர்பு சீராகக் கிடைக்காத சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துசெல்லும் நம் மாணவர்கள் இக்குறையை முதல்நாளே உணர்ந்துவிடுவர்.

இரண்டாவது, குன்றக் கூறல். 1985 ஆம் ஆண்டு விளையாட்டில் 32 கட்டங்கள் இருந்தன, இதிலோ 24. ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடங்களில் முடியக்கூடியது. நாணயங்களைப் பொருட்படுத்தாத தேர்ந்த ஆட்டக்காரர் ஒரே மாலைப்பொழுதில் இறுதியைக் கண்டுவிடுவார். 2017 ஆம் ஆண்டு செப்டம்பரில் புதியதோர் உலகமும் ஒன்பது கட்டங்களும் சேர்க்கப்பட்டமை இக்குறையை ஓரளவு போக்கிற்று. ஆயினும் மரியோ தானே ஓடுவதால், விரும்பிய இடத்தில் நின்று, திரும்பிச் சென்று, மறைவிடங்களைத் துருவிப் பார்க்கும் உரிமை பெரிதும் இல்லாமற் போயிற்று. பழைய விளையாட்டுகளில் இருந்த அலைந்து திரியும் இன்பம் எளிமைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட விலை எனலாம்.

மூன்றாவது, கூறியது கூறல். இளவரசி பீச்சை அரக்கத் தலைவன் பௌசர் கவர்ந்து செல்வதும், மரியோ அவளை மீட்பதும் 1985 ஆம் ஆண்டு முதல் வரும் கதை. இங்கும் அதுவே. மரபைப் போற்றுதல் வேறு. புதுமை சேர்க்காமல் விடுதல் வேறு. ஒரே கதையைப் பலர் பாடிய காப்பிய மரபு நமக்குண்டு. அங்கே ஒவ்வொரு புலவரும் தமக்கென ஒன்றைச் சேர்த்தனர்.

நான்காவது, மற்றொன்று விரித்தல். ஓட்டமும் தாவலுமே இதன் உயிர். அதனோடு, மற்றவர் ஆடிய ஓட்டத்தோடு போட்டியிட்டு 'டோட்' என்னும் குடிமக்களைச் சேர்க்கும் பகுதியும், அக்குடிமக்களின் எண்ணிக்கைக்கேற்ப வீடுகளும் மரங்களும் நட்டு ஓர் அரசைக் கட்டும் பகுதியும் இணைக்கப்பட்டுள்ளன. போட்டிக்கு நுழைவுச்சீட்டுகள் தேவை. தோற்றால் சேர்த்த குடிமக்களும் விலகுவர். தாவும் திறனுக்கும் மரம் நடுவதற்கும் இயல்பான தொடர்பு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

விலை குறையா, நிறையா?

இவ்விளையாட்டைப் பற்றி மிகுதியாக எழுந்த குறைகூறல் அதன் விலை பற்றியதாகும். வெளியானபோது முதல் மூன்று கட்டங்களை இலவசமாக ஆடலாம்; எஞ்சியவற்றைத் திறக்க 9.99 அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும். இலவசம் என்று எண்ணி இறக்கியோர் பலர் சினந்து, குறைந்த மதிப்பீடு வழங்கினர். நம் மாணவர்களுக்கு இஃது ஒரு பெருந்தொகையே என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இதனை வேறொரு கோணத்திலும் நோக்க வேண்டும். கைபேசி விளையாட்டுகளுள் மிகப்பல இலவசமாகத் தொடங்கி, பின்னர் ஆடுவோரை இடையிடையே தடுத்து நிறுத்தி, காத்திருக்க வைத்து, சிறுசிறு தொகைகளாகப் பணம் பறிப்பவை. தந்தையின் கைபேசியில் விளையாடிய சிறுவன் அறியாமலே ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்ட செய்தியைப் பெற்றோர் சிலரிடமிருந்து நாமே கேட்டிருக்கின்றோம். 'சூப்பர் மரியோ ரன்' விலையை வெளிப்படையாகக் கூறியது. ஒருமுறை பெற்றுக்கொண்டபின் மீண்டும் கையேந்தவில்லை. நாணயமான வணிகம் இதுவன்றோ?

அந்த நாணயத்திற்குக் கிடைத்த பரிசு எண்ணத்தக்கது. 2017 ஆம் ஆண்டு அக்டோபரில் இவ்விளையாட்டு ஏறத்தாழ 20 கோடி முறை இறக்கப்பட்டதாகவும், ஆயினும் ஏற்கத்தக்க இலாப அளவை இன்னும் எட்டவில்லை என்றும் அந்நிறுவனமே தெரிவித்தது. 2017 ஆம் ஆண்டிலேயே அது வெளியிட்ட 'ஃபயர் எம்பிளம் ஹீரோஸ்', 'அனிமல் கிராசிங்: பாக்கெட் கேம்ப்' ஆகியவை இலவசமாகத் தொடங்கி, உள்ளே பொருள் விற்கும் முறையைக் கொண்டிருந்தன. வெளிப்படையான விலையைக் குற்றமென்றும், மறைவான விலையை இலவசமென்றும் மதிப்பிடுவோர் பெருகினால், ஆக்குவோரும் அவ்வழியே செல்வர். தவறான மதிப்பீடு ஒரு பொருளை மட்டும் கெடுப்பதில்லை. அதற்குப் பின்வரும் பொருள்களையும் கெடுக்கின்றது.

முடிவுரை

குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, அவற்றுள் மிகுந்தது எதுவோ அதனைக்கொண்டு முடிவு செய்யுமாறு 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் வழிகாட்டுகின்றார். அவ்வழியில் நோக்குமிடத்து, சுருக்கம், ஆழம், வைப்புமுறை, விளக்கம் ஆகிய நான்கும், விலையிலுள்ள நேர்மையும் இவ்விளையாட்டின் நிறைகள். இணையக் கட்டாயம் இதன் பெருங்குறை; கட்டங்களின் சுருக்கமும் பழங்கதையும் சிறுகுறைகள். நிறையே மிகுதி என்பது நம் முடிவு. வகுப்பு நேரத்தில் ஆடுவதற்கு இம்முடிவு அனுமதியாகாது என்பதையும் மாணவர்கள் கருத்திற் கொள்வாராக.

இக்கட்டுரையின் முதற்படியை அம்மாணவரிடமே படிக்கக் கொடுத்தோம். நான்காம் குறையை மட்டும் அவர் ஏற்கவில்லை. "என் தங்கைக்கு ஏழு வயது, ஐயா. அவளால் பள்ளம் தாண்ட முடியாது. நான் ஓடிச் சேர்ப்பேன். அவள் வீடும் மரமும் வைப்பாள். அந்தப் பகுதி இல்லையென்றால் அவளுக்கு இந்த விளையாட்டில் இடமே இல்லை" என்றார். நாம் தனியே ஆடியதால் இதனை அறிய வாய்ப்பில்லாமற் போயிற்று. ஆகவே அக்குறையை எழுதியவாறே விட்டு, அவருடைய மறுப்பையும் உடன் பதிவு செய்கின்றோம்.

பெரியோர்கள் இளைஞர் கையிலுள்ளதை ஒருமுறையேனும் வாங்கிப் பார்த்தபின் கண்டிக்கட்டும். இளைஞர்கள் தாம் விரும்புவதன் குறையைத் தாமே எடுத்துக்கூறப் பழகட்டும். நன்னூல் வகுத்த பத்துக் குற்றமும் பத்து அழகும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடாமல் வாழ்வில் பயன்பட அதுவே வழியாகும்.