நீரோடு உயரும் ஊர்

பிரேசில் நாட்டின் அமேசோனாஸ் மாநிலத்தில் தெஃபே என்னும் சிறு நகரம் உள்ளது. மாநிலத் தலைநகரான மனாசிலிருந்து அந்நகருக்குச் சாலை கிடையாது. ஆற்றோட்டத்தை எதிர்த்துச் செல்லும் பயணிகள் படகில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். படகின் தளத்தில் அவரவர் தூளியை அவரவரே கட்டிக்கொண்டு உறங்க வேண்டும். தெஃபேயைக் கடந்து சிறு படகில் மேலும் சென்றால், அமேசானின் மேற்பகுதியாகிய சொலிமோயிஸ் ஆறும் ஜப்புரா ஆறும் கூடும் இடத்தில் மாமிராவாக் காடு தொடங்குகிறது. அக்காட்டினுள் ஆற்றங்கரைகளில் சிற்றூர்கள் பல உள்ளன. பத்துப் பதினைந்து வீடுகளே உள்ள ஊர்களும் அவற்றுள் உண்டு.

அண்டீசு மலையில் தோன்றும் ஆறுகள் வண்டல் கலந்த நீரைக் கொண்டுவந்து இக்காட்டில் பாய்ச்சுகின்றன. ஆண்டுதோறும் ஆற்றின் நீர்மட்டம் 10 முதல் 12 மீட்டர் வரை உயர்ந்து தாழ்கிறது. மூன்று மாடி வீட்டின் உயரம் அது! மே, சூன் மாதங்களில் காடு முழுவதும் நீரில் நிற்கும். மீன்கள் மரக்கிளைகளுக்கிடையே நீந்தி, உதிரும் பழங்களைத் தின்னும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை நீர் வடிந்து, சேற்று மேடுகளும் தனித்தனி ஏரிகளும் வெளிப்படும். குறிஞ்சியும் முல்லையும் வறண்டு பாலையாகத் திரிவதைத் தமிழ் மரபு அறியும். ஆனால் ஆண்டின் ஒரு பாதியில் காடாகவும் மறு பாதியில் ஆறாகவும் விளங்கும் நிலத்திற்கு ஐந்திணையுள் இடம் காண்பது எளிதன்று.

இங்கு வாழ்வோரை ஆற்றங்கரை மக்கள் என்றே பிரேசில் நாட்டார் அழைக்கின்றனர். அவர்களுள் பலர் தொல்குடி மக்களின் வழிவந்தவர்கள். வேறு பலரின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடகிழக்குப் பிரேசிலில் நேர்ந்த கொடும் பஞ்சத்திற்குத் தப்பி, ரப்பர்ப் பால் எடுக்கும் வேலைக்காக இங்கு வந்தவர்கள். அதே ரப்பர் மரத்தின் விதைகள் 1876ஆம் ஆண்டில் இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றன. மலாயாத் தோட்டங்களில் அம்மரங்களிலிருந்து பால் எடுத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். ஒரே மரம், இரு வேறு மக்களை ஊர்விட்டு ஊர் பெயரச் செய்தது.

ஆற்றங்கரை வீடுகள் பலகையால் ஆனவை. உயர்ந்த மரக்கால்களின்மேல் அவை நிற்கின்றன. பெருமரத் தண்டுகளைப் பிணைத்து, அவற்றின்மேல் கட்டிய மிதவை வீடுகளும் உண்டு. அவை நீர் உயர உயர உயர்ந்து, தாழத் தாழத் தாழும். மரக்கால் வீட்டுக்கு அவ்வசதி இல்லை. வெள்ளம் அளவு கடந்தால், வீட்டினுள்ளேயே பலகையடித்துத் தளத்தை உயர்த்துவர். கூரை அங்கேயே நிற்பதால், சில ஆண்டுகளில் குனிந்தபடியே நடமாட நேரிடும். பழுதடைந்த படகுகளும் வீணாவதில்லை. கால் நட்டு உயரத்தில் ஏற்றி, மண் நிரப்பி, வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் வளர்க்கின்றனர். வெள்ளக் காலத்தில் அதுவே வீட்டுத் தோட்டம். குழந்தைகள் துடுப்பு வலிக்க மிகச் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கின்றனர். அடுத்த வீட்டுக்குச் செல்வதற்கும் அது வேண்டும்.

மீனும் மரவள்ளி மாவும் அவர்களின் அன்றாட உணவு. குமரி மாவட்டத்தார் மரச்சீனி என்றும், சேலம் பகுதியார் குச்சிக்கிழங்கு என்றும் கூறும் அதே கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவே. ஆற்றங்கரை மக்கள் மாவுக்குப் பயன்படுத்தும் கசப்பு வகையில் நஞ்சு மிகுதி. கிழங்கைத் துருவி, பின்னிய நீண்ட கூடையில் திணித்துத் தொங்கவிட்டு, கீழ்முனையை இழுப்பர். கூடை நீளும்போது அதன் உள்ளிடம் குறுகி, நச்சுச் சாறு வடிந்துவிடும். எஞ்சிய மாவை அகன்ற வாணலியில் நெடுநேரம் கிளறி வறுப்பர். வெள்ள நிலத்தில் ஓராண்டு காத்திருக்க முடியாது என்பதால், ஆறு மாதத்தில் விளையும் வகையையே நடுகின்றனர். நீர் முன்னதாக ஏறினால், முற்றாத கிழங்கையும் அவசரமாகத் தோண்ட வேண்டியதுதான்.

இம்மக்களின் வாழ்வில் பிராருக்கு என்னும் மீனுக்குத் தனியிடம் உண்டு. அது மூன்று மீட்டர் நீளம் வரையும் வளரக்கூடியது. நீருக்குள் வாழ்ந்தாலும் காற்றை மூச்சாகக் கொள்வதற்கு அடிக்கடி மேலே வந்தே ஆக வேண்டும். அவ்வாறு எழும்போது ஈட்டிக்கு இலக்காகி, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரிதாயிற்று. 1996இல் அம்மாநிலத்தில் அதனைப் பிடிப்பது தடை செய்யப்பட்டது. மாமிராவாக் காட்டில் செம்முகக் குரங்கை ஆராய வந்த மார்சியோ அயிரஸ் என்னும் அறிஞர், மக்களை வெளியேற்றாமலேயே காட்டைக் காக்க வேண்டும் என வலியுறுத்தினார். அவ்வாறே 1996இல் அது மக்கள் வாழும் காப்பகமாயிற்று. 1999இல் மீனவரும் ஆய்வாளரும் சேர்ந்து புதிய முறையொன்றைத் தொடங்கினர்.

மீன் எழும் ஓசையையும் நீரின் சுழிப்பையும் கொண்டே, எழுந்தது பெரிய மீனா குட்டியா எனக் கூற வல்லவர் முதிர்ந்த மீனவர். ஒருவர் ஏரியின் ஒரு பகுதியை 20 நிமிடம் அசையாது நோக்கி எண்ணுவார். ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்டவை தனியே, சிறியவை தனியே. இவ்வெண்ணிக்கையை ஆய்வாளர் வேறு முறையில் கணித்துச் சரிபார்த்தபோது, இரண்டும் மிக நெருங்கியிருந்தன. எண்ணிய பெரிய மீன்களில் 30 விழுக்காட்டுக்கு மேற்படாமல் பிடிக்க மட்டுமே அரசு ஒப்புதல் தருகிறது. மீன்கள் பன்மடங்காகப் பெருகின. ஆனால் ஏரியை இரவும் பகலும் காவல் காக்கும் பணி ஊராரையே சார்ந்தது. வெளியிலிருந்து திருட்டுத்தனமாகப் பிடிக்க வருவோரை எதிர்கொள்வது எளிய செயலன்று.

வெள்ளத்தை இம்மக்கள் அஞ்சுவதில்லை. 2023ஆம் ஆண்டில் வந்ததோ வேறு. மழை பொய்த்து, ஆறுகள் சுருங்கின. மனாசில் 1902 முதல் குறித்துவரும் அளவுகளுள், அவ்வாண்டு அக்டோபரில் பதிவானதே அதுவரை மிகத் தாழ்ந்தது. தெஃபே ஏரியின் நீர் 40 பாகை செல்சியசு அளவுக்குக் கொதித்தது. 150க்கும் மேற்பட்ட ஆற்று ஓங்கில்கள் மடிந்தன. படகே வழியான ஊர்களில் படகு செல்ல நீர் இல்லை. ஆற்றுக்கும் வீட்டுக்கும் இடையே சேறும் மணலும் நீண்டன. அதன்மேல் நடந்தே குடிநீரையும் மாவு மூட்டைகளையும் சுமந்தனர். பள்ளிப் படகுகள் நின்றன. உலகின் மிகப் பெரிய ஆற்றின் கரையில் இருந்த குடும்பங்கள் குடிநீருக்கு உதவி கேட்டுக் காத்திருந்தன.

ஆண்டின் இறுதியில் மழை வந்தது. நீர் மீண்டும் மரக்கால்களைத் தொட்டது. மறு ஆண்டு, 2024 அக்டோபரில், மனாசில் நீர்மட்டம் 2023ஐவிடவும் தாழ்ந்தது.

அருஞ்சொற்பொருள்

வண்டல் – ஆறு கொண்டுவந்து படியவைக்கும் வளமான மண்
தூளி – துணியால் கட்டித் தொங்கவிடும் படுக்கை
ஓங்கில் – டால்பின்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு

பயிற்சி

1. மிதவை வீட்டிற்கும் மரக்கால் வீட்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பிராருக்கு மீனை எண்ணுதல் எவ்வாறு இயலும்?
3. மரவள்ளிக்கிழங்கு உம் வீட்டில் எப்பெயரால் வழங்குகிறது? பெரியோரிடம் கேட்டு எழுதுக.
4. 'ஆற்றங்கரை மக்கள் வெள்ளத்தைவிட வறட்சிக்கே அஞ்சினர்.' ஏன்? ஐந்து தொடர்களில் விடை எழுதுக.