டி.என்.ஏ.வில் ஒரு சிரித்த முகம்

கேள்வி: டி.என்.ஏ. தானாகவே மடிந்து, நாம் கேட்ட வடிவத்தில் நானோ துகளாகிவிடுமாமே? யார் பிடித்து மடிப்பது?

பதில்: யாரும் மடிப்பதில்லை. டி.என்.ஏ.வின் வேதி எழுத்துகளில் 'ஏ' 'டி'யோடும், 'சி' 'ஜி'யோடும்தான் ஜோடி சேரும். அந்தப் பிடிவாதம்தான் இங்கே மூலதனம். 2006-இல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவன ஆய்வாளர் பால் ரோத்மண்ட், பாக்டீரியாவைத் தாக்கும் எம்13 வைரஸிலிருந்து சுமார் 7,000 எழுத்து நீளமுள்ள ஒற்றை இழையை எடுத்துக்கொண்டார். அதன் தூரத்து இடங்களை இழுத்துப் பிணைக்க, ஸ்டேப்ளர் பின் மாதிரி 200-க்கும் மேற்பட்ட குட்டி இழைகளைக் கணினியில் வடிவமைத்தார். எல்லாவற்றையும் மெக்னீசியம் கலந்த கரைசலில் போட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கி, மெல்ல ஆறவிட்டார். இரண்டு மணி நேரத்துக்குள், சுமார் 100 நானோமீட்டர் அகலமுள்ள சிரித்த முகங்கள், ஒரு சொட்டில் கோடிக்கணக்கில்! விளையாட்டுத்தனம்தான், ஆனால் 'நேச்சர்' அறிவியல் இதழ் அட்டைப்படமாகவே போட்டது.

2009-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இதே முறையில் மூடி போட்ட பெட்டியே செய்தார்கள். சரியான டி.என்.ஏ. துண்டு சாவியாக வந்தால்தான் திறக்கும். உள்ளே மருந்து வைக்கலாமே என்கிறீர்களா? மடிப்பு குலையாமலிருக்க மெக்னீசியம் வேண்டும்; ரத்தத்தில் அது குறைவு. போதாததற்கு நொதிகள் டி.என்.ஏ.வை அரித்துவிடும். அதனால் இப்போது பாலிமர் பூச்சு கொடுத்துப் பார்க்கிறார்கள்.