எதிர்பாராத விடை

தாவர நூல் பயிலும் மாணவர், சோதனை நினைத்தவாறு முடியாவிடின், விதையைப் பழித்துவிட்டுப் பாடநூல் கூறும் விடையையே குறிப்பேட்டில் எழுதுவதுண்டு. அத்தகையோர் உதகையில் நிகழ்ந்த ஒன்றை அறிதல் நலம்.

1848 முதல் அங்கே அரசாங்கத் தோட்டத்தைக் கண்காணித்த மக்ஐவர் துரை, 1860-களில் தொட்டபெட்டாவில் சிங்கோனா மரங்களை வளர்த்தார். குளிர்காய்ச்சலைத் தணிக்கும் கொயினா அவற்றின் பட்டையினின்று கிடைப்பது. மரத்தை வெட்டாமலே பட்டை பெற விரும்பிய அவர், அதனைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தை மரப்பாசியால் மூடினார். பட்டை மீண்டும் வளர்ந்தது. அதிலோ முன்னினும் மிகுதியான கொயினா இருந்தது! காரணம் உரித்ததா, மூடியதா? உரிக்காமலே பாசி போர்த்த பட்டையிலும் அம்மிகுதி காணப்பட்டது. ஆகவே, உரித்தல் ஒன்றே காரணமன்று என்பது தெளிவாயிற்று.

நம் சோதனையிலும் இங்ஙனமே வினவலாம். உதகையின் தை மாதக் குளிரில் இரு தொட்டிகளில் பட்டாணி விதைத்து, ஒன்றைப் பெட்டியால் மூடுவோமாயின், ஒளியின்றிக் குன்றுமென்று நாம் எண்ணிய செடியே வெளுத்து நெடிதாய் எழும். இருள்தான் அதனை நீட்டியதோ? பெட்டி ஒளியை மறைத்ததோடு பனியையும் தடுத்ததன்றோ! மூன்றாந் தொட்டியொன்றைக் கண்ணாடிச் சாடியால் மூடுக. ஒளி புகும், பனி புகாது. அச்செடியும் திறந்த வெளியில் நிற்பதனை விஞ்சுமாயின், வெப்பத்தின் பங்கு புலனாகும். உயரத்தை அளந்ததோடு நில்லாமல், செடிகளை நன்கு உலர்த்தி நிறுத்தும் பார்க்க. இருளில் நீண்ட செடி, தான் முளைத்த விதையினும் எடை குறைந்திருக்கும்.