காயத்திற் குருதி நிற்பது எவ்வாறு?

அரிவி வெட்டுங் காலத்தில் அரிவாளும், வரம்பு கட்டுங் காலத்தில் மண்வெட்டியும் கமக்காரரின் கையையோ காலையோ வெட்டிவிடுதல் உண்டு. இத்தகைய சிறு காயங்கள் பெரும்பாலானவற்றிற் குருதி சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். அது நிற்கும் முறையை அறிந்தவர் அதற்குத் துணைசெய்வர். அறியாதவர் அதனைக் கெடுத்துவிடுவர்.

முதலில், அறுபட்ட குருதிக்குழாய் சுருங்குகின்றது. அடுத்து, குருதியிலுள்ள சிறுதட்டுகள் அறுபட்ட வாயில் ஒட்டி அடைப்பாகின்றன. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் இவை ஏறத்தாழ 150,000 முதல் 450,000 வரை உள்ளன. மூன்றாவதாக, குருதியிற் கரைந்துள்ள பைபிரினோசன் என்னும் புரதம் நாராக மாறி, அவ்வடைப்பை வலைபோற் பின்னி இறுக்குகின்றது. உடைந்த வரம்பில் மண்ணை மட்டும் இட்டால் நீர் அரித்துவிடும். கம்பும் குழையும் சேர்த்து இட்டால் நிற்கும். அதுபோன்றதே இதுவும்.

பின்வரும் நாட்களிற் குழாயின் உட்சுவர்க் கலங்கள் பெருகிப் பிளவை மூடுகின்றன. தேவை முடிந்ததும் உறைந்த கட்டியை உடலே கரைத்துவிடுகின்றது.

செய்யவேண்டியவை:

1. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, 10 நிமிடம் விடாது அழுத்துக. இடையில் எடுத்துப் பார்த்தலாகாது, அடைப்புப் பெயர்ந்துவிடும். துணி நனைந்தால் அதன்மேல் வேறொன்றை வைத்து அழுத்துக.

2. கோப்பித்தூள், புகையிலை, சாம்பல், சாணம் ஆகியவற்றை இடலாகாது. ஏற்புவலிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் உண்டு. சேறு பட்ட காயத்தை வைத்தியரிடம் காட்டி, ஏற்பூசி வேண்டுமா எனக் கேட்டறிக.

3. குருதி பீறிட்டாலும், அழுத்தியும் நில்லாவிட்டாலும், அழுத்தியவாறே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

புடையன் எனப்படும் கண்ணாடி விரியன் கடித்தால் நிலைமை வேறு. அதன் நஞ்சு குருதியிலுள்ள பைபிரினோசனை வீணே செலவழித்துவிடும். அதன்பின் குருதி உறையாது. சிறு கீறலும் ஓயாது கசியும். ஆகையாற் கடிவாயைக் கீறுதல் பெருந்தீங்கு. கயிற்றால் இறுகக் கட்டுதலும் ஆகாது. கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, நோயாளியை நடக்கவிடாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. அங்கு சிறிது குருதியைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைத்து, அது உறைகின்றதா எனப் பார்ப்பர். உறையாவிடின் நஞ்சு பரவியுள்ளது எனத் தெளிந்து, நஞ்செதிர் மருந்தை ஏற்றுவர். இம்மருந்தின் வேலையை வேறெந்தக் கைமருந்தும் செய்யாது.

வயலுக்குச் செல்வோர் சோற்றுப் பொதியுடன் தோய்த்து உலர்த்திய வெள்ளைத் துணி ஒன்றையும் எடுத்துச் செல்லுதல் நன்று.