அழித்தபின்னும் அழியாதவை

நுழையும்முன்

கரும்பலகையில் எழுதியதைத் துடைத்தால் எழுத்து மறைந்துவிடும். விரலியிலும் நினைவக அட்டையிலும் அழித்த கோப்பு அவ்வாறு உடனே மறைவதில்லை. இழந்ததை மீட்க இவ்வியல்பு உதவுகிறது. மறைக்க விரும்பியதைப் பிறர் காணவும் இதுவே வழிசெய்கிறது.

கழிவில் கிடக்கும் நினைவுகள்

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி, சென்னைக்கு வடக்கே அமைந்த தொழில் நகரம். இங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்தில் மின்னணுக் கழிவை மறுசுழற்சி செய்யும் ஆலைகளும் இயங்குகின்றன. பழைய கணினிகளிலிருந்தும் கைப்பேசிகளிலிருந்தும் செம்பு முதலிய உலோகங்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. எனினும், தூக்கியெறியப்பட்ட கருவிக்குள் உலோகம் மட்டும் இருப்பதில்லை. குடும்பப் படங்கள், வங்கிக் கணக்கு விவரங்கள், அடையாள அட்டைகளின் நகல்கள் ஆகியவையும் உறங்கிக்கிடக்கின்றன.

அழித்தல் என்பது யாது?

பதிவேட்டில் ஒரு மனையின் உரிமையாளர் பெயரை நீக்கினால், அம்மனையில் நிற்கும் வீடு இடிந்துவிடாது. வேறொருவர் வந்து புதிதாகக் கட்டும்வரை அது நிற்கும். விரலிகளில் பரவலாகப் பயன்படும் ஃபேட் கோப்பு முறைமையும் இவ்வாறே செயல்படுகிறது. ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் பெயரின் முதல் எழுத்து மாற்றப்படுகிறது. அது இருந்த இடம் ‘காலி’ எனக் குறிக்கப்படுகிறது. உள்ளடக்கம் புதிய தரவால் மேலெழுதப்படும்வரை அங்கேயே இருக்கும்.

மீட்கும் முறை

தேவையான கோப்பைத் தவறுதலாக அழித்தவர் முதலில் அக்கருவியைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். புதிதாக எடுக்கும் ஒவ்வொரு படமும் பழைய படத்தின் இடத்தைக் கைப்பற்றக்கூடும். மீட்பு மென்பொருளை அதே அட்டையில் நிறுவுதலும், மீட்டவற்றை அதிலேயே சேமித்தலும் கூடா.

தடயவியலாளர்கள் முதலில் கருவியின் முழு நகலை எடுத்து, அந்நகலையே ஆராய்வர். மூலமும் நகலும் ஒன்றே என்பதை ‘ஹாஷ்’ எனும் கணித மதிப்பு உறுதிசெய்யும். 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி அளிக்கும் சான்றிதழிலும் இம்மதிப்பு இடம்பெறுகிறது.

இடர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர் இருவர், விற்பனைக்கு வந்த 158 பழைய வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129 தட்டுகளுள் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன. ஏனையவற்றுள் கடனட்டை எண்களும் மருத்துவக் குறிப்புகளும் தனிப்பட்ட மடல்களும் கிடைத்தன. அவற்றை விற்றவர்களுள் பலர், தரவு அழிந்துவிட்டதாகவே நம்பியிருக்கக்கூடும்.

காக்கும் வழி

வன்தட்டு முழுவதையும் புதிய தரவால் மேலெழுதினால் பழையது அழியும். விரலியில் இம்முறை முழுப் பயன் தராது. அதன் கட்டுப்பாட்டுச் சில்லு, நினைவகம் விரைவில் தேயாதிருக்க எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டேயிருக்கும். ஆதலால் பழைய படி ஏதேனும் ஒரு மூலையில் எஞ்சலாம். தொடக்கத்திலேயே தரவை மறையாக்கம் செய்து, கைவிடும்போது திறவுகோலை அழிப்பது இதற்குத் தக்க வழி. திறவுகோல் இன்றேல், எஞ்சியிருப்பது பொருளற்ற எழுத்துக்குவியலே. பழுதான விரலியாயின் அதன் நினைவகச் சில்லை உடைத்தபின், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்தல் நன்று.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகத்து 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமையைச் சட்டம் காக்கும். ஆயினும், பழைய கைப்பேசியைப் பிறரிடம் கொடுக்கும் முன் அதனுள் எஞ்சியிருப்பதை எண்ணிப்பார்க்கும் கடமை உரியவருடையதே.

கற்பவை கற்றபின்

1. ஒரு கோப்பை அழித்தலுக்கும் அதனை மேலெழுதுதலுக்கும் உள்ள வேறுபாட்டை, பாடத்தில் இல்லாத ஓர் உவமையால் விளக்குக.

2. உங்கள் வீட்டில் பயன்படாதிருக்கும் மின்னணுக் கருவிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் கைவிடும் முன் செய்யவேண்டுவனவற்றை எழுதுக.